பொடியெழுத்தின் ஒரே வாசகர்

குளிர் அதிகமாகவும் கூச்சம் குறைவாகவும் இருந்த ஒரு தேசத்தில், பல் டாக்டரின் மருத்துவமனைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில், ஒரு கஞ்சாக் கடை இருந்தது. திடுக்கிட வேண்டாம், அங்கே அது சட்டப்படி சரி. நம்மூரில் கஞ்சா என்றால் சந்துமுனை, பொட்டலம், போலீஸ், மறுநாள் பேப்பரில் முகத்தைத் துண்டால் மூடிய போட்டோ. அங்கேயோ வாசலில் பூந்தொட்டி, உள்ளே மெல்லிசாகச் சங்கீதம், கண்ணாடி அலமாரி, அலமாரிக்குள் விளக்கு. நகைக்கடை தோற்றது போங்கள். வாங்க வருகிறவர்களும் தாலிக்குப் பொன் எடுக்கிற முகத்தோடுதான் நின்றார்கள்.

அந்தக் கடையின் மூன்றாம் தட்டில், கஞ்சாச் சத்து கலந்த ஆரஞ்சு நிற ஜெல்லி மிட்டாய்ப் பாக்கெட் ஒன்றின் முதுகில், பொடியெழுத்து குடியிருந்தது.

மொத்தம் பன்னிரண்டு வரி. ஒவ்வோர் எழுத்தும் கடுகில் பாதி. 'எழுது' என்று சட்டம் சொன்னது, கம்பெனி எழுதியது. 'படிக்கிற மாதிரி எழுது' என்று சட்டம் சொல்லவில்லை, அதனால் கம்பெனி அந்த வேண்டாத வேலைக்குப் போகவில்லை. அது எந்தப் பாஷை எழுத்து என்று கேட்காதீர்கள். கதையில் வந்துவிட்டால் எல்லா எழுத்தும் தமிழ்தான் பேசும்.

அதே பாக்கெட்டின் முகத்தில் பெரிய எழுத்து குடியிருந்தது. 'நிம்மதி' என்று தங்க நிறத்தில் கொட்டை கொட்டையாக. அதற்குக் கீழே, 'முழுக்க முழுக்க இயற்கை'.

"அரளி விதையும் முழுக்க முழுக்க இயற்கைதான்" என்று முதுகிலிருந்து பொடியெழுத்து முணுமுணுக்கும்.

"உனக்கு வயித்தெரிச்சல்" என்று பெரிய எழுத்து சிரிக்கும். "என்னைத் தெருவுக்கு அந்தப் பக்கத்துல நின்னு படிக்கான். உன்னைப் படிக்கணும்னா பூதக்கண்ணாடி வேணும், பொறுமை வேணும், வேற வேலை இல்லாம இருக்கணும். மூணும் ஒரே ஆளுகிட்ட எங்க இருக்கு?"

"வருவான். ஒருத்தன் வருவான்" என்று பொடியெழுத்து சொல்லும். "முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் ஒருத்தன் என்னைப் படிச்சா போதும். அப்புறம் குப்பைக்குப் போனாலும் எனக்குச் சந்தோஷந்தான்."

அதற்கு வேறு வழியும் கிடையாது. பொருள்கள் தங்களுக்குள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், திட்டிக்கொள்ளலாம். ஆனால் மனுஷனிடம் பேசுவதென்றால், எழுத்து தன்மேல் அச்சடித்ததை மட்டும்தான் பேச முடியும். ஒரு கால்புள்ளிகூடச் சேர்க்க முடியாது. அதுவும் அவன் கண்ணாடியை எடுத்து மாட்டினால்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. உள்ளே வந்தவர் கோமதிநாயகம். சங்கரன்கோவில்காரர், வயது அறுபத்தொன்று. இரவல் கோட்டு, குரங்குக் குல்லா, அதற்குக் கீழே நெற்றி நிறையத் திருநீறு. இடது முழங்காலை வீட்டுக்கு வந்த முரட்டு விருந்தாளி மாதிரி பதனமாக நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே அவர் பெண்சாதியின் தம்பி சிவசைலம். அந்தத் தேசத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆனவர், அதனால் எல்லாம் தெரிந்தவர்.

அலமாரி முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. "புது ஆளுடோய்!" என்று ஒரு குரல். புது ஆளைக் கண்டுபிடிக்க ஜோசியம் வேண்டாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியம் பார்க்கிற மாதிரி பார்ப்பான்.

"மாப்ள, யாராவது தெரிஞ்சவங்க பாத்தா?" என்றார் கோமதிநாயகம்.

"அத்தான், இங்க தெரிஞ்சவங்க பாத்தாங்கன்னா அவங்களும் வாங்க வந்திருக்காங்கன்னு அர்த்தம். பேசாம வாங்க."

கோமதிநாயகத்தின் சங்கடம் இதுதான். மறுநாள் காலை ஒன்பதுக்கு மேல், அந்த ஊர் மண்டபம் ஒன்றில், அவருடைய ஒரே மகள் சங்கரிக்குக் கல்யாணம். மணையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. நாற்காலி போட்டுக்கொண்டால் யாரும் தூக்கில் போட மாட்டார்கள். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா வேலாயுதம் பிள்ளை இருக்கிறாரே, எழுபது வயசில் இரண்டு மணி நேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டுக் கையூன்றாமல் எழுந்திருக்கிற மனுஷர். நிச்சயதார்த்தத்தில் எல்லார் காதிலும் விழும்படி, "சம்பந்தி நாற்காலில உக்காந்துக்கிடட்டும், பாவம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் 'பாவம்' கோமதிநாயகத்தின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது.

"பாவமாம்லா! நான் என்ன பிச்சையா கேட்டேன்? ஒத்தைப் பிள்ளை மாப்ள. அவ பக்கத்துல தரையில உக்காந்து, தாலி ஏறுறதைக் கிட்டத்துல பாக்கணும். பந்தியில இடம் கிடைக்காதவன் மாதிரி நாற்காலில உக்காந்து எட்டிப் பாக்கமாட்டேன்" என்றார்.

"அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தேன். என் ஆபீஸ்ல ஒருத்தன், அவன் மாமியாருக்கு முட்டி வலி. இங்க வாங்கிக் குடுத்திருக்கான். இப்ப அந்தம்மா டான்ஸ் கிளாஸ் போறாளாம்."

முதலில் கண்ணாடி ஜாடிக்குள் இருந்த உலர்ந்த கஞ்சாப் பூ நெஞ்சை நிமிர்த்தியது. அதற்கு ஜமீன் பரம்பரை மாதிரி நீளப் பெயர், ஜாடியின் நெற்றியில் போதைச் சத்தின் சதவீதம். "இருபத்தெட்டு! இந்தக் கடையிலேயே நான்தான் உச்சம்!" என்றது.

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். "இருபத்தெட்டா? நம்மூர்ல பாஸ் மார்க்கே முப்பத்தஞ்சு. ஃபெயிலான பயலை எதுக்கு மாப்ள கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க?"

பூ வாடிப்போயிற்று. ஏற்கெனவே உலர்ந்ததுதான், இருந்தாலும் வாடியது.

அடுத்தது, கஞ்சாவை ஆவியாக்கி உறிஞ்சுகிற ஆவிக்குழல். பார்க்கப் பேனா மாதிரியே இருக்கும். கோமதிநாயகம் அதை எடுத்துப் பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். சிவசைலம் பதறிப்போய்ப் பிடுங்கி வைத்தார். பிறகு சொட்டுக்குழாயோடு எண்ணெய்க் குப்பி. "நாக்குக்கு அடியில நாலு சொட்டு" என்று அது கொஞ்சியது. "காதுக்கு விடுத மருந்து மாதிரி இருக்கு, வேண்டாம்" என்று அதையும் தள்ளினார்.

கடைசித் தட்டில், தூசிக்குள், ஒரு தைலக் குப்பி உட்கார்ந்திருந்தது. "ஐயா, நான் தேய்ச்ச இடத்தோட நிப்பேன். மண்டைக்கு ஏறத் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னது. அதற்குத் தங்க எழுத்தும் இல்லை, விளக்கும் இல்லை. சிவசைலம் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "மண்டபம் பூரா வாசம் தூக்கும் அத்தான். சம்பந்தி கண்டுபிடிச்சிருவாரு" என்று மூடினார். ஏற்கெனவே வலி என்று ஊருக்கே தெரிந்த முழங்காலுக்கு மருந்து போட்டது தெரிந்துவிடக் கூடாதாம். என்ன செய்ய, மானம் பெரிசு.

அப்போதுதான் பெரிய எழுத்து கண்ணடித்தது. "நிம்மதி! நான் வெறும் மிட்டாய் மாமா!"

"இது என்னது, பிள்ளைகள் தின்னுத ஜெல்லி மிட்டாய்லா?" கோமதிநாயகம் பாக்கெட்டைக் கையில் எடுத்தார். முகத்தின் மூலையில், துண்டுக்கு இவ்வளவு மில்லிகிராம் போதைச் சத்து என்ற கணக்கில், ஒரு 'பத்து' போட்டிருந்தது. "பத்து மார்க்! இருபத்தெட்டு எடுத்தவனே ஃபெயிலு. பத்து எடுத்தவன் என்ன பெரிசா செஞ்சிரப் போறான்? சாதுப் பய. இதையே எடுப்போம்."

கல்லாவில் இருந்த அம்மாள் பாக்கெட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "முதல் தடவையா?" என்று கேட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். நாலு நிமிஷம் பேசினாள். ஒரு விரலைக் காட்டி அதைக் கால்வாசி வெட்டுகிற மாதிரி அபிநயம் பிடித்தாள். மணிக்கட்டைத் தொட்டு இரண்டு விரல் காட்டினாள். பாக்கெட்டைத் திருப்பி, நகத்தால் பொடியெழுத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். பொடியெழுத்துக்குப் புல்லரித்தது. பிறந்ததிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை.

கோமதிநாயகத்துக்கு இங்கிலீஷ் படிக்க வரும், அந்த ஊர்ப் பேச்சுத்தான் காதில் நிற்காது. "என்ன மாப்ள சொல்லுதா?"

சிவசைலத்துக்குப் பேச்சு புரியும், கேட்கத்தான் பொறுமை கிடையாது. "நல்ல சாமான்ங்கா. ஒண்ணும் செய்யாதாம்."

நாலு நிமிஷம் நாலு வார்த்தையானது. மொழிபெயர்ப்பு என்றால் இப்படியல்லவா சுருக்கமாக இருக்க வேண்டும்!

பொடியெழுத்து குமுறியது. "அடப்பாவி, அவ சொன்னதுல ஒண்ணைக்கூட சொல்லலையே!" ஆனால் அடுத்து சிவசைலம் சொன்னதைக் கேட்டதும் அதற்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது.

"படிச்சுப் பாக்கச் சொல்லுதா. உங்களுக்கா சொல்லணும்? முப்பது வருஷம் பத்திர எழுத்தரு! படிக்காம ஒரு ஆளைக் கையெழுத்துப் போட விட்டிருப்பியளா?"

"விடவே மாட்டேன்" என்றார் கோமதிநாயகம். "அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி. சொத்து விவரம், நாலு மால் எல்லை, சாட்சி வரைக்கும் வாய்விட்டு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் பேனாவையே குடுப்பேன். அடியில பொடிசா எழுதியிருக்கான் பாரு, அங்கதான் மாப்ள வில்லங்கம் இருக்கும்."

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தால் எப்படி இருக்கும்? பொடியெழுத்துக்கு அப்படி இருந்தது. "கேட்டியா? கேட்டியா?" என்று முன்பக்கத்தைப் பார்த்துக் கூவியது. "பத்திர எழுத்தர்! அடியில பொடிசா எழுதினதைத் தேடிப் படிக்கிறவர்! இனி என்ன சொல்லுத?"

"பாப்போம்" என்றது பெரிய எழுத்து.

காரில் ஏறியதும் கோமதிநாயகத்துக்குப் பசித்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு, பழைய தமிழ் நாளிதழில் மடித்தது, கோட்டுப் பையில் இருந்தது. பிரித்தார், ஒவ்வொன்றாக நொறுக்கினார், உள்ளங்கையை நக்கினார். பிறகு எண்ணெய் ஊறிய காகிதத்தைத் தொடையில் வைத்து நீவி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படிக்க ஆரம்பித்தார். மூன்று வாரத்துக்கு முந்திய பருத்தி விலை. காணாமல் போன எருமை. பாதியில் கிழிந்துபோன கொலை வழக்கு.

சிறு பிராயத்திலிருந்து அவருக்கு அந்தப் பழக்கம். கடலை மடித்த காகிதம், வடை வைத்துத் தந்த காகிதம், எதையும் படிக்காமல் எறிந்தது கிடையாது. உலக ஞானத்தில் பாதி அவருக்கு அப்படி வந்ததுதான், அதனால்தான் எதுவும் முடிவு தெரியாத ஞானமாக இருந்தது.

பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பொடியெழுத்து பூரித்துப்போயிற்று. "எண்ணெய்க் காகிதத்தையே விடாத மனுஷன், என்னை விடுவாரா!"

"தின்னு முடிச்சிட்டுல்ல படிக்காரு" என்றது பெரிய எழுத்து.

"அதனால என்ன? படிக்காரா இல்லியா?"

பெரிய எழுத்து தங்க நிறத்தில் சிரித்துக்கொண்டு கிடந்தது.

மறுநாள் காலை ஏழரை மணி. மண்டபத்தின் பின்னறையில் கோமதிநாயகம் பட்டுவேட்டி, பட்டுச்சட்டையோடு தயாராக நின்றார். உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் 'மடக்' என்று ஒரு சத்தம் போட்டுப் பாதியில் நின்றுகொண்டது. மேடையில் சம்பந்தி அப்போதே சப்பணம் போட்டு உட்கார்ந்து, பூக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார், வேண்டுமென்றே.

பாக்கெட் கிழிந்தது. "இதோ, இப்ப! கண்ணாடியைப் போடும்!" என்று பொடியெழுத்து துள்ளியது. கண்ணாடி மேல்பையில்தான் இருந்தது. கோமதிநாயகத்தின் விரல் பொடியெழுத்தின் முதல் ஆறு வரியை மூடிக்கொண்டது. மிட்டாய் ஒன்று வாய்க்குள் போயிற்று.

"நல்லாத்தான் இருக்கு. ஆரஞ்சு வாசம்" என்றார்.

"கால் துண்டுய்யா! முதல் தடவைன்னா கால் துண்டு! ரெண்டாவது வரியில இருக்கு!" பொடியெழுத்து கத்தியது அவருக்கு எப்படிக் கேட்கும்? எழுத்தின் தொண்டை மனுஷன் கண்ணில் அல்லவா இருக்கிறது.

கால் மணி நேரம் ஆயிற்று. கோமதிநாயகம் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். வலி இருந்த இடத்திலேயே இருந்தது. "ஒண்ணுமே தெரியலையே மாப்ள."

"அத்தான், நீங்கதான சொன்னிய, பத்து மார்க்குக்காரன்னு. ஒருத்தனால என்ன ஆகும்?"

"அதுவும் சரிதான். இருபதாக்குவோம்." இரண்டாவது போயிற்று.

"மூணாவது வரி! தெரியவே ரெண்டு மணி நேரம் ஆகும்! நாலாவது வரி! ஒண்ணும் ஆகலேன்னு இன்னொண்ணு போடாதீரும்! உம்மை நினைச்சேதான்யா எழுதியிருக்கான்!"

எட்டு மணி. "முப்பது. இன்னும் ஃபெயிலுதான்" என்று மூன்றாவதை விழுங்கினார். எட்டு இருபதுக்கு நாலாவதையும் எடுத்து, "நாப்பது. பாஸ்!" என்று வாயில் போட்டுக்கொண்டு, பாக்கெட்டை மடித்து மேல்பையில் வைத்தார். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மில்லிகிராமுக்கும் பரீட்சைக்கும் முடிச்சுப் போட நம்மவரால்தான் முடியும்.

பையின் இருட்டில் பெரிய எழுத்துகூட, "நாலு கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று ஒத்துக்கொண்டது.

"இதை அவர்கிட்ட முன்பக்கத்துல சொல்லேன்!" என்று பொடியெழுத்து அழாத குறையாகச் சீறியது.

ஒன்பது மணிக்கு மேளம் ஆரம்பித்தது. புகை பட்டால் அலறுகிற மணி கூரையில் இருந்ததால் அக்கினி பகவான் ஒரு சின்னத் தட்டில், பயந்து பயந்து எரிந்தார். ஒன்பதேகாலுக்குக் கோமதிநாயகத்தை மேடைக்கு அழைத்தார்கள். அவர் மணைக்கு முன்னால் நின்றார், ஒரு நிமிஷம் யோசித்தார், உட்கார்ந்தார். முழங்கால் மடங்கியது! வெண்ணெயில் கத்தி இறங்கியது போல மடங்கியது. சப்பணம். சாட்சாத் சப்பணம். சம்பந்தியின் புருவம் மேலே போயிற்று.

"என்னய்யா, வலி போயிருச்சா?" என்று பொடியெழுத்து ஆச்சரியத்தோடு முழங்காலை விசாரித்தது.

"எங்க போச்சு? இங்கதான் இருக்கு" என்றது முழங்கால். "ஆனா யாரோ பக்கத்து வீட்டுக்காரன் முழங்கால் மாதிரி இருக்கு. மேல அவரு வீட்டிலேயே இல்லை போலிருக்கே?"

மேலே நிஜமாகவே ஆளில்லை. கோமதிநாயகம் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. தட்டில் இருந்த எலுமிச்சம்பழத்தைக் கண்கொட்டாமல் பார்த்து, அதன் சாமர்த்தியத்தை வியந்தார். புரோகிதர் கோத்திரம் கேட்டதற்கு, "இப்ப என்ன அவசரம்?" என்றார்.

பக்கத்தில் இருந்த அவர் பெண்சாதி உலகம்மை தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "என்ன இளிப்பு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்காங்க."

"நீ கிள்ளினியா? அது இப்பத்தான் கிளம்பியிருக்கு. வந்து சேரட்டும், சொல்லுதேன்."

தாரை வார்க்கும் நேரம் வந்தது. மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். வைத்தவர் விடவில்லை. உலகம்மை செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள், மூன்று பேர் கையிலும் வழிந்தது, அப்போதும் விடவில்லை. பாசம் தாங்காமல் பிடித்திருக்கிறார் என்று சபையில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவருக்கோ விரல்களை எந்த வழியாகத் திறப்பது என்று மறந்துபோயிருந்தது. சிவசைலம் குனிந்து, பூட்டைத் திறப்பதுபோல ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். சிவசைலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் தெரிந்தவருக்கு அப்போதுதான் ஏதோ தெரிய ஆரம்பித்தது.

"அப்பா, உடம்பு ஏதும் செய்யுதா?" என்று சங்கரி மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கென்ன தாயி? பாஸாயிட்டேன்" என்றார்.

தாலியைத் தட்டில் வைத்துச் சபைக்குள் கொண்டுபோனார்கள், எல்லாரும் தொட்டுக் கும்பிடுவதற்கு. கோமதிநாயகம் நெஞ்சைத் தடவினார். மேல்பைக்குள் ஏதோ சரசரத்தது. எடுத்தார். காலிப் பாக்கெட், கிட்டத்தட்ட. மிட்டாய் மடித்த காகிதம். தின்றாயிற்று. தின்ற பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் ஐம்பது வருஷப் பழக்கமாகக் கைக்குத் தெரிந்திருந்தது. மடங்கியிருந்த முழங்காலின் மேல் வைத்து நீவினார். கண்ணாடியை மாட்டினார். திருப்பினார்.

பொடியெழுத்தின் மேல் வெளிச்சம் விழுந்தது.

"படிக்காரு!" என்று அது விம்மியது. "ஏ, படிக்காரு!"

முதல் வரி. விரலை வைத்து, உதட்டை அசைத்து, பத்திரம் வாசிக்கிற ராகத்தில் வாசித்தார். 'இது சாதாரண மிட்டாய் அல்ல.' இரண்டாம் வரி. 'முதல்முறை உண்பவர் ஒரு துண்டில் கால் பங்குக்கு மேல் உண்ண வேண்டாம்.' "அடடா, சரியாச் சொல்லியிருக்கான்" என்று தலையாட்டினார். மூன்றாம் வரி, நாலாம் வரி. ஒரு சொல்லைத் தாண்டவில்லை. ஏழாம் வரியில் ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்றிருந்தது. ரத்தக்கொதிப்பு மாத்திரையை அன்று காலையும் விழுங்கியிருந்த மனுஷர், அந்த வரியை ரசித்து இரண்டு தரம் வாசித்தார். இப்படி ஒரு வாசகன் எந்த எழுத்துக்குக் கிடைப்பான்?

தாலி மேடைக்குத் திரும்பி வந்தது. புரோகிதர் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவில் இடித்தது. சபை எழுந்து நின்றது. மாப்பிள்ளை தாலியை எடுத்து நீட்டினான். நாலா பக்கத்திலிருந்தும் அட்சதை பறந்தது. மணமக்கள் தலையில் விழுந்தது, உலகம்மை தோளில் விழுந்தது, முழங்காலில் விரித்திருந்த பாக்கெட்டின் மேலும் விழுந்தது. எட்டாம் வரி மறைந்துவிட்டது. கோமதிநாயகம் பொறுமையாக, ஒவ்வொரு மஞ்சள் அரிசியாக, விரலால் தள்ளிவிட்டு மேலே வாசித்தார்.

அப்போதுதான் பொடியெழுத்துக்கு உறைத்தது.

"ஐயா, போதும்" என்றது. "போதும்யா. நான் எங்கயும் போகமாட்டேன், அப்புறம் படிக்கலாம். தலையை நிமிர்த்தும். உம்ம பிள்ளைக்குத் தாலி ஏறுது. கிட்டத்துல உக்காந்து பாக்கணும்னு சொன்னீரே. கிட்டத்துலதான் உக்காந்திருக்கீரு. பாரும்!"

ஒன்பதாம் வரி வாசித்தார்.

முதல் முடிச்சு விழுந்தது. மாலைக்குள்ளிருந்து சங்கரி தலையைத் திருப்பி அப்பாவைத் தேடினாள். ஒரு கை தூரம்தான். அவளுக்குத் தெரிந்தது அவருடைய உச்சந்தலையும் அதில் ஒட்டியிருந்த நாலு அட்சதையும்.

"என்னைப் பாக்காதீரும்யா! அவளைப் பாரும்!" பொடியெழுத்து அலறியது. அது தன் பன்னிரண்டு வரியையும் துழாவித் துழாவிப் பார்த்தது. கால் துண்டு இருந்தது, இரண்டு மணி நேரம் இருந்தது, மாத்திரை இருந்தது, வண்டி ஓட்டாதே என்றுகூட இருந்தது. 'நிமிர்ந்து பார்' என்ற ஒரு வரி மட்டும் அச்சடிக்கவில்லை. பெரிய எழுத்து குப்புறக் கிடந்தது. அதன் பக்கம் தேடிப் பிரயோசனமும் இல்லை.

இரண்டாவது முடிச்சு. பத்தாம் வரி, பதினோராம் வரி.

மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டாள். கோமதிநாயகம் பன்னிரண்டாம் வரிக்கு வந்திருந்தார். 'குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' நிறுத்தி, நிதானமாக, சாட்சிக் கையெழுத்து வரைக்கும் வாசித்து முடித்த திருப்தியோடு விரலை எடுத்தார். மேளம் ஓய்ந்தது.

பொடியெழுத்தை ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டார். அதற்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். நனைந்த கண்ணோடு தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். பிறகு மைத்துனர் பக்கம் சாய்ந்தார்.

"என்ன சுத்தமா எழுதியிருக்கான் மாப்ள! ஒரு ஷரத்து விட்டுப்போகலை. இதைப் படிக்காம எவனாவது தின்னான்னா அவனை மாதிரி மடையன் கிடையாது." பாக்கெட்டை நாலாக மடித்துப் பத்திரமாக மேல்பையில் வைத்துக்கொண்டு, "ஆமா, முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.